இரோக்கோ மரத்தில் வேலை செய்வது எப்படி?

ஆப்பிரிக்கத் தேக்கு என்ற வணிகப் பெயர் இரோக்கோ மரத்துக்கு நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்திருக்கிறது. தேக்குக்கும் இதற்கும் உறவு கிடையாது. பலா, ஆல், அத்தி, மல்பெரி ஆகியவை அடங்கிய மோரேசி குடும்பத்தைச் சேர்ந்தது இரோக்கோ. மழையையும் வெயிலையும் பூஞ்சையையும் தாங்குவதிலும், உலர்ந்தபின் வடிவம் மாறாமல் நிற்பதிலும் இது தேக்குக்கு அருகில் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் தேக்கை அறுத்து இழைத்துப் பழகியவர் அதே பழக்கத்தோடு இரோக்கோவைத் தொட்டால் மூன்று இடங்களில் சிக்கிக்கொள்வார். பின்னிக்கிடக்கும் நாரோட்டம் ஒன்று, மரத்துக்குள் ஒளிந்திருக்கும் கல் மற்றொன்று, தோலையும் மூச்சுக்குழலையும் தாக்கும் தூள் மூன்றாவது. இம்மூன்றையும் முதலிலேயே எதிர்பார்த்து வேலையைத் திட்டமிடுபவருக்கு இது மிகவும் இணக்கமான மரம்.

மரமும் அதன் இயல்பும்

இரோக்கோ என்ற பெயரில் விற்பனைக்கு வருவது இரண்டு இனங்களின் மரம். மிலிசியா எக்செல்சா மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி, நடு ஆப்பிரிக்கா வழியாகக் கிழக்கே எத்தியோப்பியா, தான்சானியா வரையிலும், தெற்கே அங்கோலா, மொசாம்பிக் வரையிலும் பரவியிருக்கிறது. மிலிசியா ரெஜியா மேற்கு ஆப்பிரிக்காவோடு நின்றுவிடுகிறது. பழைய நூல்களில் இவை குளோரோஃபோரா என்ற பேரினப் பெயரில் இருக்கும். பலகையாகிவிட்டபின் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய இயலாது. வேலை செய்பவருக்கு அந்த வேறுபாடு தேவையும் இல்லை. யொருபா மொழி தந்த பெயர்தான் இரோக்கோ. கானாவில் இதையே ஒடும் என்றும், கிழக்கு ஆப்பிரிக்காவில் ம்வூலே என்றும், காங்கோவில் கம்பாலா என்றும் அழைக்கிறார்கள். விலைப்பட்டியலில் இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் கைக்கு வருவது இந்த மரம்தான்.

நன்கு வளர்ந்த மரம் 50 மீட்டர் உயரம் வரை எழும்பும். அடிமரத்தின் விட்டம் 2 மீட்டரைத் தாண்டுவதுண்டு. கிளையில்லாத நேரான நடுமரம் கிடைப்பதால் அகலமான, கணுவற்ற பலகைகளை எளிதாக எடுக்க முடிகிறது. 12% ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் மரம் ஏறத்தாழ 650 கிலோகிராம் எடையிருக்கும். மரத்துக்கு மரம் இது 550 முதல் 750 வரை மாறும். எடையில் நடுத்தரமான இந்த மரத்தின் வளைவெதிர்ப்பு அதன் எடைக்குச் சற்றுக் குறைவு என்றே சொல்லவேண்டும். சுமையில் வளையாமல் நிற்கும் விறைப்பைக் காட்டும் நெகிழ்வுக்குணகம் 9 முதல் 10 கிகாபாஸ்கல் அளவில்தான் நிற்கிறது. ஆகவே நீண்ட இடைவெளியைத் தாங்கும் உத்தரத்துக்கோ, நிறையச் சுமை ஏறும் நீளமான அலமாரித் தட்டுக்கோ இதைப் பயன்படுத்தும்போது தடிமனைச் சற்றுக் கூட்டிக்கொள்வது நல்லது.

இதன் உண்மையான பலம் அசையாமை. பச்சை மரம் முற்றிலும் உலரும்வரை ஆர வாக்கில் (நடுவிலிருந்து பட்டையை நோக்கி) சுமார் 3 விழுக்காடும், வளையத்தை ஒட்டிய வாக்கில் 4 முதல் 5 விழுக்காடும்தான் சுருங்குகிறது. ஐரோப்பிய பீச் மரம் இதே நிலைமையில் முறையே 6, 12 விழுக்காடு அளவுக்குச் சுருங்குவதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இரண்டு வாக்கிலும் சுருக்கம் ஏறக்குறைய ஒத்திருப்பதால் பலகை கிண்ணம்போல் குழிவதும் குறைவு. கதவு, சன்னல் சட்டங்கள், படகின் மேல்தளம், தோட்ட இருக்கை, ஆய்வுக்கூட மேசைப்பலகை என்று ஈரமும் வறட்சியும் மாறிமாறி வரும் இடங்களுக்கு இதைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுவே.

வைரப்பகுதி, அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதி, பூஞ்சைக்கு மிக நன்றாக ஈடுகொடுக்கும்; முதல் படியே மிக உயர்ந்ததான ஐரோப்பிய வகைப்பாட்டில் முதல் இரண்டு படிகளுக்குள் இது வைக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு மருந்து இப்பகுதிக்குள் ஏறவே ஏறாது. ஏற்றவேண்டிய தேவையும் இல்லை. வெளிப்புறத்தில் 5 முதல் 8 சென்டிமீட்டர் அகலத்துக்கு இருக்கும் வெளிர் மஞ்சள் நிற வெள்ளைப்பகுதியின் கதை வேறு. மாவுவண்டு முதலில் துளைப்பது அதைத்தான். கடல்நீரில் இடைவிடாது மூழ்கிநிற்கும் தூண்களுக்கு இரோக்கோவை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த வேலைக்கு அசோபே போன்ற இன்னும் கனமான ஆப்பிரிக்க மரங்கள் இருக்கின்றன.

பலகையைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் அடுக்கியிருக்கும் பலகைகளின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புதிதாக அறுத்த இரோக்கோ பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டதும் சில வாரங்களில் தேன் நிறமாகி, பிறகு செம்மை கலந்த பழுப்பாக ஆழ்ந்துவிடும். பலாப்பலகையில் நாம் காணும் அதே மாற்றம் இது. ஒரே குடும்பம் என்பதற்கு நல்ல சாட்சி. ஒரே அறைக்கலனுக்கு வாங்கும் பலகைகளில் ஒன்று வெயிலிலும் மற்றொன்று இருட்டிலும் கிடந்திருந்தால் இரண்டும் வெவ்வேறு மரம்போலத் தோன்றும். ஒரு மூலையை இலேசாக இழைத்து உள்நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சேருமா சேராதா என்று சொல்ல முடியும். பாதி முடிந்த மேசையின்மேல் கருவிப்பெட்டியை ஒரு வாரம் வைத்துவிட்டு எடுத்தால் அதன் வடிவம் வெளிறிய தடமாக நின்றுவிடும் என்பதால், வேலை நடக்கும் காலம் முழுவதும் எல்லா உறுப்புகளையும் ஒன்றுபோல மூடியோ ஒன்றுபோலத் திறந்தோ வைக்கவேண்டும்.

அடுத்துப் பலகையின் முனையைப் பாருங்கள். வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால், அது ஆர வாக்கில் அறுத்த பலகை. அதன் முகத்தில் மங்கலும் பளபளப்புமாகப் பட்டைகள் மாறிமாறி ஓடும். பார்க்க மிக அழகானது, அசைவும் குறைவு, ஆனால் இழைப்பதற்கு மிகக் கடினம். வளையங்கள் முகத்தை ஒட்டிப் படுத்திருந்தால் இழைப்பு சற்று எளிது. முகத்தில் வெளிர் நிறக் கோடுகள் அம்புமுனைபோல அடுக்கடுக்காகத் தெரியும். சன்னல் சட்டத்துக்கு முதல் வகையையும், பெரிய மேற்பரப்புகளுக்கு இரண்டாம் வகையையும் எடுப்பது என் வழக்கம்.

வாங்குமுன் மரத்தின் மூலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கடமை. இரோக்கோவைத் தோட்டமாக வளர்ப்பது பெருந்தொல்லை; ஃபைட்டோலைமா என்ற சிறு பூச்சி இளங்கன்றுகளின் தளிரிலும் இலையிலும் கழலைகளை உண்டாக்கி அவற்றைக் கருக்கிவிடுகிறது. அதனால் சந்தைக்கு வருவது பெரும்பாலும் இயற்கைக் காட்டு மரமே. அஃப்ரோர்மோசியா என்ற மற்றொரு ஆப்பிரிக்க மரம் 1992இலும், ஆப்பிரிக்காவின் கயா, அஃப்சீலியா, டெரோகார்ப்பஸ் இனங்கள் 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டிலும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டன. அந்த மாநாட்டில் சேர்க்கப்பட்டவற்றுள் இரோக்கோ இல்லை என்பதற்காக அது குறையாத வளம் என்று பொருளாகாது. வெட்டிய நாடு, வெட்ட அளித்த அனுமதி ஆகியவற்றுக்கான தாள்களைக் காட்டும் வணிகரிடம் மட்டும் வாங்குங்கள்.

உலர்த்துதல்

இரோக்கோ விரைவாகவும் பெரிய சேதமின்றியும் உலரும். வெடிப்பும் திருகலும் இலேசாகத்தான் வரும். முனைகளில் மெழுகு பூசி, 20 முதல் 25 மி.மீ. தடிமனுள்ள காய்ந்த இடைக்கட்டைகளை நேர்மேல் நேராக வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றினால் போதும். இடைக்கட்டை பட்ட இடங்களில் நிறத்தழும்பு விழக்கூடும். பின்னால் இழைத்து எடுத்துவிடும் அளவுக்குத் தடிமன் விட்டே அறுத்து வையுங்கள்.

மரத்துக்குள் இருக்கும் கல்

இரோக்கோவைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தவிர்க்க முடியாது. மரத்தின் காயம்பட்ட இடங்களிலும் உட்பிளவுகளிலும் கால்சியம் கார்பனேட் படிந்து இறுகிக் கல்லாகிவிடுகிறது. சில நேரம் அது கோடுபோல மெல்லியதாகவும், சில நேரம் கைமுட்டி அளவிலும் இருக்கும். இது உருவாகும் விதம் வியப்பூட்டுவது. மரம் கால்சியம் ஆக்சலேட்டை ஏராளமாக உண்டாக்குகிறது. மரத்திலும் அடிமண்ணிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்க, சுண்ணாம்பு படிகிறது. அமிலத்தன்மை மிகுந்த வெப்பமண்டல மண்கூட இரோக்கோவின் காலடியில் காரத்தன்மைக்கு மாறிவிடுகிறது. மண்ணுக்கு நன்மை செய்யும் இந்த வேதியியல்தான் நம் கத்திக்கு எமன்.

உலோகம் கண்டறியும் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது. கண்ணும் விரலும்தான் துணை. கல்லைச் சுற்றியுள்ள மரம் மற்ற இடங்களைவிடக் கருத்திருக்கும். நாரோட்டம் அங்கே திடீரென்று வளைந்து செல்லும். அப்படிப்பட்ட இடத்தைக் கூர்முனையுள்ள ஊசியால் குத்திப் பாருங்கள். முனை வழுக்கினாலோ கரகரத்தாலோ அங்கே கல் இருக்கிறது. வெண்மையாக ஏதோ தெரிகிறது, பூஞ்சையா கல்லா என்று ஐயம் எழுந்தால் ஒரு துளி வினிகர் விடுங்கள். சுண்ணாம்பாக இருந்தால் நுரைக்கும். பிறகு அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடவேண்டும்.

கண்ணில் படாமல் ஆழத்தில் இருப்பதே பெரிய ஆபத்து. என் தொடக்க காலத்தில், புதிதாகத் தீட்டிய கத்திகளைப் பொருத்திய இழைப்பு இயந்திரத்தில் இரண்டாவது பலகையை விட்டபோதே மூன்று கத்திகளிலும் ஒரே இடத்தில் பல் விழுந்தது. அதன்பின் வந்த ஒவ்வொரு பலகையிலும் மேடான கோடு ஒன்று ஓடியது. அதிலிருந்து, முரட்டு இழைப்புக்குப் பழைய கத்தியும் இறுதி இழைப்புக்கு மட்டும் புதிய கத்தியும் என்று இரண்டு தொகுதிகள் வைத்துக்கொள்கிறேன். முதல் தொகுதி 2, 3 மி.மீ. எடுத்துச் சென்றபின் மேற்பரப்பிலுள்ள கற்கள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். சிறு சதுரக் கார்பைடு துண்டுகளைச் சுருளாகப் பொருத்திய வெட்டுருளை உங்களிடம் இருந்தால், கல் பட்டுச் சிதைந்த துண்டுகளை மட்டும் திருப்பி வைத்து வேலையைத் தொடரலாம்.

கல் தெரிந்ததும் நல்ல உளியை அதன்மேல் வைக்காதீர்கள். இரும்பு வெட்டும் உளியாலோ பழைய திருப்புளியாலோ அதைச் சுற்றித் தோண்டி முழுவதையும் வெளியே எடுத்து, குழியைத் துடைத்து, அதே மரத்தின் தூளை எபாக்சியில் குழைத்து நிரப்பலாம். பார்வைக்கு முன்னால் வரும் உறுப்பென்றால், அந்தப் பகுதியையே அறுத்து நீக்கிவிடுவது நேர்மையான வழி.

அறுப்பும் இழைப்பும்

அறுப்பதற்கு டங்ஸ்டன் கார்பைடு முனையுள்ள ரம்பமே பொருத்தமானது. சாதாரண எஃகுப் பல் கல் இல்லாத மரத்தை நன்றாகவே அறுக்கும். கல் ஒன்று குறுக்கே வந்தால் அத்தோடு அதன் கூர் போய்விடும். அறுக்கும் ஓசை திடீரென்று மாறினால் உடனே நிறுத்திப் பாருங்கள். தெறிக்கும் கல்துணுக்கு கண்ணைப் பறித்துவிடும் என்பதால் கண்ணாடி இல்லாமல் இயந்திரத்தருகே நிற்கவே கூடாது.

இழைப்பில் வரும் சிக்கலின் வேர் நாரோட்டம். மரம் வளரும்போது சில அடுக்குகளின் நார்கள் வலப்பக்கமாகவும், அடுத்த அடுக்குகளின் நார்கள் இடப்பக்கமாகவும் சாய்ந்து சுற்றுகின்றன. ஆர வாக்கில் அறுத்த பலகையின் முகத்தில் இந்த அடுக்குகள் பக்கம்பக்கமாகக் கிடப்பதால், எந்தத் திசையிலிருந்து இழைத்தாலும் ஒரு பட்டை வழவழப்பாகும், அடுத்த பட்டை பிய்ந்து எழும். திசையை மாற்றுவதால் மட்டும் பயனில்லை, கோணத்தை மாற்றவேண்டும். இயந்திரத்தில், கத்தியின் முகம் முன்சாயும் வெட்டுக் கோணத்தை 15 பாகையாகக் குறைத்தால் கத்தி நாரைக் கிளப்புவதற்குப் பதிலாகச் சுரண்டிச் செல்லும். பலகையை மெதுவாக ஊட்டி, ஒரு தடவைக்கு அரை மி.மீ.க்கு மேல் எடுக்காமல் இருந்தால் மேற்பரப்பு பெரும்பாலும் தேறிவிடும்.

கை இழைப்புளியில் இதே விளைவைப் பெற, வழக்கமான 45 பாகைக்குப் பதிலாக 55 முதல் 60 பாகை வரை கத்தி நிமிர்ந்து நிற்கும்படி செய்யவேண்டும். அதற்கான தனி இழைப்புளி இல்லையென்றால், கத்தியின் தட்டைப் பக்கத்தில் நுனியில் மட்டும் மிகச் சிறிய சாய்வு ஒன்றைத் தீட்டிக்கொண்டால் போதும். கத்தியின்மேல் படிந்து சீவலை உடைக்கும் மேல்தகட்டைக் கத்தியின் விளிம்புக்கு மிக அருகே, ஒரு தாளின் தடிமன் அளவுக்குத் தள்ளிவைப்பது இன்னொரு வழி. பழகிவிட்டால் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. இவ்வளவுக்கும் பிறகு எஞ்சும் பிய்ச்சலைத் தகட்டுச் சுரண்டியால் எடுத்துவிடலாம். உப்புத்தாளால் மட்டும் சரிசெய்ய முயன்றால் நேரமும் போகும், தூளும் பெருகும்.

துளையிடுதல், கழுந்து வெட்டுதல், கடைதல் ஆகியவற்றில் இரோக்கோ தொல்லை தருவதில்லை. வெளிவரும் பக்கத்தில் சிம்பு பிய்யாமலிருக்க அடியில் ஒரு கழிவுப்பலகையை வைத்துத் துளையிடவேண்டும். ஆவியில் வளைப்பதற்கு இது நடுத்தர மரம். அதிக வளைவு தேவையென்றால் மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைப்பதே நம்பகமானது.

தூள்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரோக்கோவின் வைரத்தில் குளோரோஃபோரின் என்ற பொருள் இருக்கிறது. பூஞ்சையை விரட்டுவதில் பங்குள்ள இதே பொருள்தான் மனிதத் தோலில் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. கைகளிலும் கழுத்திலும் இமைகளிலும் அரிப்பும் தடிப்பும், மூக்கொழுக்கு, தும்மல், சிலருக்கு ஆஸ்துமா என்று விளைவுகள் நீளும். முதல் சில மாதங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் உடல் திடீரென்று எதிர்க்கத் தொடங்கலாம். அதன்பின் மிகச் சிறிய அளவுகூடத் தாங்காது. மரத்தூளைப் பொதுவாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

துணியை மூக்கில் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. நுண்தூளை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 தரமுள்ள, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் முகமூடி தேவை. அறுக்கும், தேய்க்கும் ஒவ்வொரு இயந்திரத்திலும் உறிஞ்சுகுழாயைப் பொருத்துங்கள். முழுக்கைச் சட்டை அணிந்து, வேலை முடிந்ததும் கைகளையும் கழுத்தையும் சோப்பிட்டுக் கழுவி, அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கிய தூள் மீண்டும் காற்றில் ஏறும். உறிஞ்சியாலோ ஈரத்துணியாலோ எடுக்கவேண்டும். சீவலையும் தூளையும் கால்நடைகளுக்குப் படுக்கையாகப் போடக்கூடாது. உணவு நறுக்கும் பலகை செய்ய இந்த மரத்தைக் கேட்டு வருபவர்களுக்கு நான் வேறு மரத்தைத்தான் சொல்வேன். உங்களுக்கு ஒருமுறை மூச்சு இறுக்கம் வந்துவிட்டால் மருத்துவரைப் பார்க்கும்வரை இரோக்கோவைத் தொடவேண்டாம்.

பொருத்துதலும் ஒட்டுதலும்

ஆணியும் திருகும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விளிம்புக்கு அருகில் முன்துளை இல்லாமல் அடித்தால் பிளக்கும். ஈரம் படும் இடங்களில் சாதாரண இரும்பைத் தவிர்த்து, துருப்பிடிக்காத எஃகையோ வெண்கலத்தையோ பயன்படுத்துங்கள். ஈரத்தில் இரும்பு இந்த மரத்தோடு சேர்ந்து கருநீலக் கறையை உண்டாக்கும். ஏற்கெனவே கறை விழுந்துவிட்டதென்றால் நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தைக் கையுறையோடு பூசி, நன்கு கழுவி எடுக்கலாம்.

பசை பிடிப்பதற்கு மேற்பரப்பு புதிதாக இருக்கவேண்டும். ஒட்டும் நாளிலேயே இழைத்து, அசிட்டோன் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, அது ஆவியானவுடன் பசையைத் தடவுங்கள். உட்புற வேலைக்கு வழக்கமான வெள்ளைப் பசை போதும். வெளிப்புறத்துக்கு எபாக்சி, பாலியூரித்தேன், ரிசார்சினால் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

மேற்பூச்சு

நுண்துளைகள் பெரியவை என்பதால், கண்ணாடிபோன்ற பளபளப்பு வேண்டுவோர் முதலில் துளைநிரப்பியைத் தேய்த்து அடைக்கவேண்டும். எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷ் சில பலகைகளில் நாட்கணக்கில் பிசுபிசுவென்று நிற்கும். மரத்திலுள்ள ஃபீனால் சேர்மங்கள் எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுவதைத் தடுப்பதே இதன் காரணம். மெழுகு நீக்கிய அரக்குப் பூச்சு ஒன்றை முதலில் கொடுத்து மரத்தை மூடிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். எதைப் பூசினாலும் அதே பலகையிலிருந்து வெட்டிய துண்டொன்றில் முதலில் பூசிப் பார்த்துவிடுங்கள். பூச்சுக்கிடையே தேய்க்க எஃகுக் கம்பளியை எடுக்கவேண்டாம். அதன் துகள் துளைகளில் தங்கிப் பின்னர் கருப்புப் புள்ளிகளாகும்.

வெளியே நிற்கும் இருக்கைக்கும் வேலிக்கும் படலமாக நிற்கும் வார்னிஷ் ஏற்றதன்று. வெயிலில் அது உரிந்து, பிறகு முழுவதையும் சுரண்டி எடுக்கும் வேலையே மிஞ்சும். நிறமி கலந்த வெளிப்புற எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை பூசி வரலாம், அல்லது ஒன்றும் பூசாமல் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாற விட்டுவிடலாம். அப்படி விடுவதால் வைரப்பகுதியின் ஆயுள் குறைவதில்லை. முதல் சில மழைகளில் மரத்திலிருந்து மஞ்சள் பழுப்புச் சாறு வடியும் என்பதால், வெண்மையான சுவரையோ கல் தரையையோ ஒட்டிப் பொருத்துமுன் பலகைகளை வெளியே வைத்துச் சில மழைகளில் நனைய விடுவது நல்லது. பல ஆண்டுகள் கழித்து அந்தச் சாம்பல் நிறத்தைத் தேய்த்து நீக்கிப் பழைய பொன்னிறத்தை மீட்க நினைத்தால், அதே முகமூடியையும் உறிஞ்சியையும் மீண்டும் எடுத்துக்கொள்ளவேண்டும். சாம்பல் படலம் மிக மெல்லியது, அதற்கு அடியிலிருந்து கிளம்புவது அதே வைரத்தின் தூள்.